செட்டு போயிடுச்சு சார்!

கார் ரேடியோ கரகரவென்று இரைகிறதா? எந்த ஊர் ஆக்சஸரீஸ் கடைக்கு வேண்டுமானாலும் வண்டியை விடுங்கள். கடைப் பையன் வருவான். முன் சீட்டில் உட்கார்ந்து பட்டனை நாலு தடவை அமுக்குவான். வெளியே இறங்கி, கையைத் துடைத்துக்கொண்டே தீர்ப்பு சொல்லிவிடுவான்.

"செட்டு போயிடுச்சு சார். ரிப்பேர் பண்ணா நிக்காது. ஆண்ட்ராய்டு போட்டுருங்க."

மொத்த விசாரணையும் ஒரு நிமிஷத்துக்குள் முடிந்தது. சாட்சி இல்லை, தடயம் இல்லை, அப்பீல் இல்லை. குற்றவாளி செட்டு என்றாலும் அபராதம் கட்டப்போவது கார்க்காரர். ஒன்பது இன்ச் ஸ்கிரீன், ரிவர்ஸ் கேமரா, ஃபிட்டிங் சார்ஜ், 'உங்களுக்காக' ஒரு தள்ளுபடி. மனுஷன் வந்தது எஃப்.எம். சரியாகக் கேட்கவில்லை என்று. போவது யூட்யூப் ஓடும் ஸ்கிரீனோடு. எஃப்.எம்.? அது இன்னமும் கரகர. சில சமயம் முன்பைவிட மோசமான கரகர! (அது ஏன் என்று பின்னால் வருகிறது. இந்தக் கதையிலேயே உச்சக்கட்ட காமெடி அதுதான்.)

முதலில் ஒரு சாதாரணக் கேள்வி. அந்தப் பழைய செட்டு ப்ளூடூத்தில் நன்றாகப் பாடுகிறது. பென் டிரைவில் பாடுகிறது. நாலு ஸ்பீக்கரும் அதிர்கின்றன. எஃப்.எம். மட்டும்தான் இரைகிறது. அப்படியென்றால் ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபையர், பவர் சப்ளை எல்லாம் நிரபராதி. செட்டுக்குள் மிச்சம் இருக்கும் ஒரே சந்தேகப் பேர்வழி, விரல் நகம் அளவிலான ட்யூனர் ஐ.சி. அது டேஷ்போர்டுக்குள் வெயில் படாமல், மழை படாமல், யார் கையும் படாமல் குடித்தனம் நடத்துகிறது. ஆன்டெனாவோ வருஷம் முழுக்கக் கூரை மேல். வெயில், மழை, காக்கா எச்சம், வாட்டர் வாஷ் பையனின் பிரஷ், தெருக் கிரிக்கெட் பந்து, தாழ்வான பார்க்கிங் கூரை, எல்லாம் அதன் தலையில்தான் விழுகிறது. இரண்டில் எது முதலில் கெடும் என்று எல்.கே.ஜி. பிள்ளைகூடச் சொல்லும். கடைக்காரர் மட்டும் சொல்ல மாட்டார். ஏன் சொல்ல மாட்டார் என்பதற்குப் பொருளாதாரத்தில் பதில் இருக்கிறது. அதற்கு முன் வண்டியைப் பார்த்துவிடலாம்.

எஃப்.எம். அலைவரிசை 88-இலிருந்து 108 மெகாஹெர்ட்ஸ் வரை. அலையின் நீளம் சுமார் 3 மீட்டர். அதில் கால் பங்கு 75 சென்டிமீட்டர். அந்தக் காலத்து அம்பாசடர்களிலும் ஃபியட்டுகளிலும் ஓரமாக நீட்டிக்கொண்டிருந்த நீளக் கம்பி சும்மா அழகுக்கு நிற்கவில்லை. அந்த உயரத்துக்குப் பின்னால் இந்தக் கணக்கு இருந்தது. இப்போது வரும் கார்களின் கூரையில் இருப்பது சாண் உயரக் குச்சி, அல்லது சுறாத்துடுப்பு. நீளம் குறைந்ததால் பிடிக்கும் சிக்னலும் குறையும். அதை ஈடுகட்ட, குச்சிக்குள் சுருள் கம்பி சுற்றி வைப்பார்கள். பல கார்களில் குச்சியின் அடியில், கூரைக்குக் கீழே, ஒரு குட்டி ஆம்ப்ளிஃபையரும் வைப்பார்கள். இந்த ஆம்ப்ளிஃபையர் என்ற ஆசாமியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி கூரைக்குப் போகலாம். வாட்டர் வாஷுக்கு விட்டபோது குச்சியைக் கழற்றினார்கள். திரும்ப மாட்டினார்களா? மாட்டினார்கள், ஆனால் அரை மரை மட்டும். அல்லது மாட்டவே இல்லை, அது டிக்கியில் ஸ்டெப்னி பக்கத்தில் கிடக்கிறது. அல்லது தெருவில் எவனோ திருகிக்கொண்டு போய்விட்டான். குச்சி இல்லாத அடிப்பாகத்தை வைத்துக்கொண்டு எந்த செட்டும் பாடாது, அது ஒரு லட்சம் ரூபாய் செட்டாக இருந்தாலும்.

இதைவிடக் கொடுமை 'டம்மி ஷார்க் ஃபின்'. காருக்கு ஸ்டைல் வேண்டுமாம். கம்பெனி கொடுத்த குச்சியைக் கழற்றித் தூர எறிந்துவிட்டு, அந்த இடத்தில் பிளாஸ்டிக் துடுப்பு ஒன்றை டபுள் சைடு டேப் போட்டு ஒட்டித் தருகிறார்கள். உள்ளே ஒன்றுமே கிடையாது. வெறும் பிளாஸ்டிக். சிலதில் பேருக்கு ஒரு சின்னக் கம்பி இருக்கும், பழைய குச்சியின் மரைத் துளையில் மாட்டிக்கொள்ள. அதுவும் குச்சி அளவுக்குப் பிடிக்காது. காதை அறுத்துவிட்டு அந்த இடத்தில் கம்மல் ஒட்டுவது மாதிரி வேலை இது. ஒட்டியவர்களும், ஆறு மாதம் கழித்து "செட்டு போயிடுச்சு சார்" என்று சொல்பவர்களும் பெரும்பாலும் ஒரே ரகக் கடைதான்.

குச்சி இருக்கிறது, ஒழுங்காக இறுக்கியும் இருக்கிறது என்றால் அடுத்த இடம் அதன் அடிப்பாகம். அங்கே ஒரு ரப்பர் இருக்கும். வெயிலில் காய்ந்து வெடித்தால் மழைத் தண்ணீர் உள்ளே இறங்கும். ஆன்டெனாவின் எர்த் என்பது அந்தக் கூரைத் தகடுதான். அந்தத் தொடர்பில் துரு ஏறினால் சிக்னல் போச்சு. கடலோர ஊர்களில் இது சீக்கிரமே நடக்கும். தூத்துக்குடியில் இருக்கும் காருக்கும் தர்மபுரியில் இருக்கும் காருக்கும் ஒரே தீர்ப்பு சொல்பவர் வண்டியைப் பார்க்கவே இல்லை என்று அர்த்தம்.

சரி, செட்டுதானா என்று எப்படித்தான் கண்டுபிடிப்பது? அதற்கு ஐந்து நிமிஷ வேலை ஒன்று இருக்கிறது. செட்டை வெளியே இழுத்து, பின்பக்கம் இருக்கும் ஆன்டெனா ஜாக்கைக் கழற்ற வேண்டும். அந்தத் துளையின் நடுவில் 75 சென்டிமீட்டர் சாதாரண வயரைச் சொருகி, மறு முனையை ஜன்னல் வழியாக வெளியே தொங்கவிட வேண்டும். வயரின் உலோகம் துளையின் ஓரத்தில் படக் கூடாது, நடுவில் மட்டும். இப்போது உள்ளூர் ஸ்டேஷன்கள் எல்லாம் சுத்தமாக வந்துவிட்டால் செட்டு நிரபராதி. கேஸ் டிஸ்மிஸ். குற்றவாளி கூரைக்கும் ஜாக்குக்கும் நடுவில் எங்கோ ஒளிந்திருக்கிறான். வயர் போட்டும் ஊரின் பலமான ஸ்டேஷன்கூட வரவில்லை என்றால், அப்போது செட்டைக் குற்றம் சொல்லலாம். தாராளமாகச் சொல்லலாம். ட்யூனர்களும் சாகத்தான் செய்கின்றன, யாரும் இல்லையென்று சொல்லவில்லை. போஸ்ட்மார்ட்டம் பண்ணிவிட்டுச் சொல்லுங்கள் என்பதுதான் வழக்கு.

முக்கால் மீட்டர் வயர். இதன் விலை என்ன? இதைச் செய்து பார்க்காமல் ஆயிரக்கணக்கில் பில் போடும் கடை, டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை எடுக்காமலே ஆபரேஷன் தியேட்டருக்கு ஸ்ட்ரெச்சர் வரவழைப்பதற்குச் சமம்.

இப்போது அந்தக் காமெடி. கூரையில் ஒரு குட்டி ஆம்ப்ளிஃபையர் இருக்கிறது என்று பார்த்தோமல்லவா? அது வேலை செய்ய 12 வோல்ட் வேண்டும். அந்தக் கரண்டைக் கொடுப்பது செட்டு. பல கார்களில் செட்டின் பின்னாலிருந்து வரும் நீல வயர் அதற்குத்தான். செட்டு ஆன் ஆனால் நீல வயரில் கரண்ட் வரும், கூரையில் ஆம்ப்ளிஃபையர் விழிக்கும். பல ஐரோப்பியக் கார்களில் தனி வயரே கிடையாது. ஆன்டெனா கேபிள் வழியாகவே செட்டு கரண்டை மேலே அனுப்பும். அப்படிப்பட்ட வண்டியில் கம்பெனி செட்டைக் கழற்றிவிட்டு வெளிச்சந்தை செட்டைப் போட்டால், அது கேபிளில் கரண்ட் அனுப்பாது. அனுப்ப வைக்க நடுவில் ஒரு சின்ன அடாப்டர் போட வேண்டும், அதன் வயரை நீல வயரோடு சேர்க்க வேண்டும்.

நடப்பது என்ன? ஃபிட்டிங் பண்ணும் பையன் மஞ்சள், சிவப்பு, கருப்பு வயர்களைச் சேர்ப்பான். ஸ்பீக்கர் வயர்களைச் சேர்ப்பான். செட்டு எரிந்து பாட்டு வந்துவிடும். நீல வயர்? "அது ஆம்ப் போட்டாத்தான் சார் வேணும்" என்று டேப் சுற்றி உள்ளே திணித்துவிடுவான். கூரை மேல் ஆம்ப்ளிஃபையர் பட்டினி. தூங்கிக்கொண்டிருக்கும் ஆம்ப்ளிஃபையர் வரும் சிக்னலையும் மறித்துக்கொள்ளும், ஆகவே வெறும் கம்பி அளவுக்குக்கூட எஃப்.எம். வராது. இரைச்சலுக்கு வைத்தியம் பார்க்க வாங்கிய புது செட்டே இரைச்சலுக்குக் காரணம். கடைக்குத் திரும்பிப் போனால் என்ன சொல்வார்கள்? "சார், உங்க ஏரியால சிக்னல் வீக்கு. ஒரு பூஸ்டர் போட்டுருங்க."

பூஸ்டர்! கம்பெனி ஏற்கெனவே ஒரு பூஸ்டரைக் கூரையில் வைத்து அனுப்பியிருக்கிறது, அதற்குச் சோறு போடாமல் விட்டுவிட்டு, இன்னொரு பூஸ்டர் விற்கிறார்கள். பூஸ்டருக்குச் சிக்னல் எது இரைச்சல் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. வந்ததையெல்லாம் பெரிதாக்கும். ஆன்டெனாவே அறுந்திருந்தால் பெரிதாக்கப் போவது வெறும் இரைச்சலை. டிரான்ஸ்மிட்டர் பக்கத்தில் குடியிருப்பவர் பூஸ்டர் போட்டால் இன்னும் விசேஷம், அளவுக்கு மீறிய சிக்னலில் ட்யூனர் திணறி, ஒரு ஸ்டேஷன் மேல் இன்னொரு ஸ்டேஷன் ஏறி உட்காரும்.

மல்டிமீட்டர் வைத்திருக்கும் எலெக்ட்ரீஷியன் கிடைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். கேபிளின் நடுக் கம்பிக்கும் குச்சியின் உலோகத்துக்கும் தொடர்பு இருக்க வேண்டும். நடுக் கம்பிக்கும் வெளிச் சுற்றுக்கும் தொடர்பு இருக்கவே கூடாது. வெளிச் சுற்றுக்கும் காரின் பாடிக்கும் நல்ல தொடர்பு வேண்டும். மூன்று தொடல், மூன்று ரீடிங். ஒரு எச்சரிக்கை: ஆம்ப்ளிஃபையர் வைத்த ஆன்டெனாவில் இந்தக் கணக்கு செல்லாது. நடுவில் சர்க்யூட் இருப்பதால் மீட்டர் குழப்பும், நல்ல ஆன்டெனாவையே அறுந்துவிட்டது என்று சொல்லிவிடலாம். அதில் முதலில் பார்க்க வேண்டியது 12 வோல்ட் போய்ச் சேருகிறதா என்பதை. மீட்டர் இருந்தால் மட்டும் போதாது, எந்த வகை ஆன்டெனா என்று தெரிந்தவன் கையில் மீட்டர் இருக்க வேண்டும்.

இரைச்சலிலும் சாதிகள் உண்டு. அதைக் காது கொடுத்துக் கேட்கிற பொறுமையும் கடைகளில் இல்லை. ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க 'ஙொய்ய்...' என்று சுருதி ஏறினால் அது ஆல்டர்னேட்டர். அந்தச் சத்தம் ப்ளூடூத்திலும் வருகிறதா? வந்தால் ஆன்டெனாவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, எர்த் வயரைப் பாருங்கள். ரேடியோவில் மட்டும் வருகிறதா? ஆன்டெனா ஜாக்கைப் பிடுங்குங்கள். சத்தம் நின்றால் ஆன்டெனா வழியாக வந்தது, நிற்கவில்லையென்றால் கரண்ட் வயர் வழியாக வந்தது. ஒரு ஜாக்கைப் பிடுங்கினால் கிடைக்கும் தகவல் இவ்வளவு!

இன்னொரு திருடன் சிகரெட் லைட்டர் துளையில் உட்கார்ந்திருக்கிறான். மலிவு விலை செல்போன் சார்ஜர்! 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக மாற்ற அது நொடிக்குப் பல்லாயிரம் தடவை ஆன் ஆகி ஆஃப் ஆகிறது. ஒழுங்கான ஃபில்டர் இல்லாவிட்டால் அந்த வேலையின் எச்சம் ரேடியோ அலையாகக் காருக்குள் பரவும். டேஷ் கேமரா, பளபளக்கும் எல்.இ.டி. ஸ்ட்ரிப், வெளியில் வாங்கிப் போட்ட எல்.இ.டி. ஹெட்லைட், எல்லாம் இதே குடும்பம். கண்ணாடியிலேயே ஆன்டெனா பதித்த காராக இருந்து, அதே கண்ணாடியில் கேமராவையும் ஒட்டினால் கேட்கவே வேண்டாம். கண்டுபிடிக்கும் முறை பரம எளிது. கொஞ்சம் பலவீனமாக வரும் ஸ்டேஷனைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பிளக்கைப் பிடுங்க வேண்டும். எதைப் பிடுங்கியதும் பாட்டு தெளிகிறதோ அதுதான் குற்றவாளி. இதற்கு டிகிரி வேண்டாம், டிப்ளமோ வேண்டாம். ஆனால் சார்ஜரும், டேஷ் கேமராவும், எல்.இ.டி.யும் விற்றது அதே கடையென்றால், "என்னிடம் வாங்கியதைப் பிடுங்கிப் போடுங்கள்" என்று எந்த வாய் சொல்லும்?

அடுத்தது, யார் மேலும் தப்பே இல்லாத கேஸ்கள். சென்னையிலிருந்து திருச்சிக்குக் கிளம்பியவர் திண்டிவனம் தாண்டியதும் "98.3 வரவில்லை, செட்டு சரியில்லை" என்றால் அது பூகோளத்தின் மேல் போட வேண்டிய கேஸ். எஃப்.எம். அலை கிட்டத்தட்ட நேர்க்கோட்டில் போகும், பூமியோ உருண்டை. 100 மீட்டர் உயரக் கோபுரம் என்று வைத்துக்கொண்டால், சமவெளியில் ஓடும் காருக்கு அதன் நேர்ப் பார்வை எல்லை சுமார் 46 கிலோமீட்டர். அதற்கப்பாலும் கொஞ்ச தூரம் தேய்ந்து தேய்ந்து வரும், பிறகு போய்விடும். கோபுரம் ஏற ஏற எல்லை விரியும். கொடைக்கானல் வானொலியின் 100.5 இத்தனை மாவட்டங்களில் கேட்பதன் ரகசியம் அந்த மலைதான். சமவெளியிலிருந்து 2,000 மீட்டர் உயரத்தில் நின்றால் அதே கணக்கு 180 கிலோமீட்டரைத் தாண்டுகிறது.

சிக்னலில் நிற்கும்போது மட்டும் கரகரத்து, வண்டி இரண்டடி நகர்ந்ததும் தெளிகிறதா? அதுவும் நோய் கிடையாது. கோபுரத்திலிருந்து நேராக வரும் அலையும், கட்டடத்தில் மோதித் திரும்பும் அலையும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் புள்ளியில் ஆன்டெனா நிற்கிறது. அலையின் நீளம் 3 மீட்டர் என்பதால் கொஞ்சம் நகர்ந்தாலே தப்பித்துவிடலாம். அண்ணா சாலையில் இதற்கு செட்டு மாற்றினால், அடுத்து அண்ணா சாலையையே மாற்ற வேண்டியிருக்கும் :-)

பலவீனமான இடங்களில் இன்னொரு சின்ன வைத்தியம், செட்டில் வசதி இருந்தால் ஸ்டீரியோவை அணைத்து மோனோவுக்கு மாற்றுவது. ஸ்டீரியோவைச் சுத்தமாகப் பிரித்தெடுக்க மோனோவைவிடப் பல மடங்கு சிக்னல் வேண்டும். சில பழைய செட்டுகளில் 'லோக்கல்' என்று ஒரு பட்டன் உண்டு, அது அமுங்கியிருந்தால் ஸ்டேஷன் தேடும்போது பலமான ஸ்டேஷனில் மட்டுமே நிற்கும். பட்டன் ஒன்றால் கெட்டதைப் புது செட்டால் சரிசெய்தவர்கள் ஊரில் எத்தனை பேரோ!

பட்டனைவிடச் சுவாரஸ்யமான கேஸ் ஒன்று புது ஆண்ட்ராய்டு செட்டுகளில் வருகிறது. 91.1 வருகிறது, 92.7 வருகிறது, 93.5 வருகிறது, 98.3 அட்டகாசம். ஆனால் 101.4 ரெயின்போவும் 106.4 ஹலோவும் மட்டும் ஒழுங்காக வரவில்லை. ஆன்டெனாவா? எர்த்தா? பூஸ்டர் போடலாமா? ஒன்றும் வேண்டாம். வராத இரண்டு எண்களையும் பாருங்கள். இரண்டுமே இரட்டைப்படை தசமத்தில் முடிகின்றன. அமெரிக்காவில் எஃப்.எம். ஸ்டேஷன்கள் எல்லாம் ஒற்றைப்படை தசமத்தில்தான். 101.3 உண்டு, 101.5 உண்டு, நடுவில் 101.4 கிடையாது. செட்டின் ரேடியோ செட்டிங்கில் 'ரீஜன்' என்ற இடத்தில் அமெரிக்கா என்று இருந்தால் அது இரண்டிரண்டு புள்ளியாகத் தாவும், 101.4-ஐத் தொடவே தொடாது. பக்கத்தில் 101.3-இல் நின்றுகொண்டு பிசிறடிக்கும். ரீஜனை மாற்றினால் தீர்ந்தது. செலவு பூஜ்யம்.

இலங்கையில் இதற்கு ஓர் அண்ணன் கேஸ் உண்டு. அங்கே ஓடும் கார்களில் ஏராளமானவை ஜப்பானில் ஓடி இறக்குமதியானவை. ஜப்பானில் எஃப்.எம். 76-இல் தொடங்கும், பழைய செட்டுகள் 90-ஓடு நின்றுவிடும். இலங்கை ஸ்டேஷன்களில் பெரும்பாலானவை அதற்கு மேலே. செட்டும் நல்லது, ஆன்டெனாவும் நல்லது, ஆனால் ஏணி எட்டவில்லை. ஆன்டெனா வயரின் நடுவில் 'பாண்ட் எக்ஸ்பாண்டர்' என்ற சின்ன டப்பாவை மாட்டி, மேலே இருக்கும் ஸ்டேஷன்களைக் கீழே இறக்கிக் கேட்கிறார்கள்.

ஆக, இத்தனை காரணங்கள் இருக்க, கடைக்காரர் வாயில் ஏன் அந்த ஒரே வாக்கியம்? அவர் கெட்டவர் என்பதாலா? அப்படிச் சொன்னால் விஷயம் சுலபமாக முடிந்துவிடும். உண்மை கொஞ்சம் சங்கடமானது.

1973-இல் மைக்கேல் டார்பி, எடி கார்னி என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். சில பொருட்களை வாங்கும் முன்பே தரம் பார்த்துவிடலாம், புடவை மாதிரி. சிலவற்றை வாங்கி உபயோகித்தால்தான் தெரியும், ஓட்டல் சாம்பார் மாதிரி. மூன்றாவதாக ஒரு வகை உண்டு, வாங்கி உபயோகித்த பிறகும் அது தேவைப்பட்டதா இல்லையா என்று வாங்கியவருக்குத் தெரியவே தெரியாது. நம்பிக்கையின் பேரில் மட்டும் வாங்கும் சரக்கு. அந்தக் கட்டுரை முக்கிய உதாரணங்களில் ஒன்றாக எடுத்துக்கொண்டது ரிப்பேர் வேலையை. நோயைச் சொல்பவரும் மருந்தை விற்பவரும் ஒரே ஆளாக இருக்கும் இடத்தில், பெரிய மருந்தைச் சொல்ல அவருக்கு எப்போதும் ஒரு காரணம் இருக்கும்.

கார் ரேடியோவில் அப்படியே நடக்கிறது. புது செட்டு போட்ட பிறகு எஃப்.எம். நன்றாக வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பழைய செட்டு போயிருந்ததால் வந்ததா, அல்லது மாற்றும்போது லூஸாக இருந்த ஆன்டெனா ஜாக்கை அழுத்திச் சொருகியதால் வந்ததா? கார்க்காரருக்குத் தெரிய வழியே இல்லை. "பரவாயில்லப்பா, நல்லா வருது" என்று டிப்ஸும் கொடுத்துவிட்டுப் போவார்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். எண்கள் உதாரணத்துக்குத்தான். செட்டை இழுத்து, வயர் சொருகி, ஜாக் பார்த்து, நீல வயரைச் சேர்த்துக் கொடுக்க ஒரு மணி நேரம். கடைக்காரர் "300 ரூபாய் கொடுங்க" என்கிறார். கார்க்காரர் என்ன சொல்வார்? "ஒரு வயரைச் சொருகினதுக்கு முந்நூறா? பார்ட்ஸே ஒண்ணும் மாத்தலையே!" இதே மனிதர் 12,000 ரூபாய் செட்டுக்குப் பில் போட்டு, 500 ரூபாய் 'டிஸ்கவுண்ட்' என்றால் சிரித்துக்கொண்டே கார்டை நீட்டுவார். பொருளுக்குக் காசு கொடுப்பார், புத்திக்குக் கொடுக்க மாட்டார். வண்டி ஷோரூம் வாசலில் ஏ.சி.க்கு ஆயிரம், பாலிஷுக்கு ஆயிரம் என்று அள்ளிக் கொடுக்கும் கைக்கு, கண்டுபிடித்ததற்கு முந்நூறு கொடுக்க வலிக்கிறது. அப்புறம் கடைக்காரன் எதை விற்பான்? எதற்குக் காசு கிடைக்கிறதோ அதைத்தான். மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிந்த பழைய ரேடியோ மெக்கானிக்குகள் ஒவ்வொருவராகக் கடையைக் காலி செய்ததில் கார்க்காரர்களின் பங்கும் இருக்கிறது. ஏமாற்றுகிறான் என்று கடைக்காரனைத் திட்டும் முன், ஏமாற்றாமல் இருந்தவனுக்குக் கடைசியாக எவ்வளவு கூலி கொடுத்தோம் என்று அவரவர் யோசிக்க வேண்டும்.

அதற்காகக் கடைக்காரரை விட்டுவிடவும் முடியாது. கூலி கேட்கத் தைரியம் இல்லாததற்காக நல்ல செட்டுக்கு மரணச் சான்றிதழ் கொடுப்பது எந்த நியாயம்? "பார்க்க 300, பிரச்சினை என்னவென்று எழுதித் தருவோம், மாற்றினால் தனி" என்று ஒரு போர்டு வைக்க எவ்வளவு செலவாகும்? பில் கொடுக்காமல் விடுவதே முறையற்ற வணிக நடைமுறை என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. எத்தனை கடைகளில் கேட்காமல் பில் வருகிறது?

"இப்போ யாருங்க ரேடியோ கேக்கறா? அதான் ப்ளூடூத் இருக்கே" என்று ஒரு கோஷ்டி கிளம்பும். கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். நாளெல்லாம் ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருக்கும் கால் டாக்ஸி டிரைவரின் செல்போன் டேட்டா மேப்புக்கே சரியாகப் போகிறது. ரேடியோவுக்கு டேட்டா வேண்டாம், ரீசார்ஜ் வேண்டாம், விரலால் திரையைத் தேய்த்துப் பாட்டு தேட வேண்டாம். அது போகட்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னையில் பல இடங்களில் கரண்டும் போனது, செல்போன் டவரும் போனது. ப்ளூடூத்தை எதோடு இணைப்பது? அதே 2023 ஏப்ரலில்தான் மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம், செல்போன்களில் எஃப்.எம். ரிசீவரை முடக்கி வைக்காதீர்கள் என்று தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியது. பேரிடர் நேரத்தில் தகவல் போய்ச் சேர வேண்டும் என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. கரண்ட் இல்லாத வீட்டு வாசலில், சொந்த பேட்டரியோடு, சொந்த ஸ்பீக்கரோடு நிற்கும் ரேடியோ கார் ரேடியோதான். அதன் கூரையில் டம்மி துடுப்பு ஒட்டியிருந்தால் அன்றைக்கு ஒட்டுக் கேட்கக்கூட ஒன்றும் இருக்காது.

அடுத்த முறை "செட்டு போயிடுச்சு சார்" என்ற வசனம் காதில் விழுந்தால், வண்டிக்காரர் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "ஆன்டெனாவைக் கழட்டிட்டு வயர் போட்டுப் பாத்தியா தம்பி?" பார்த்தேன் என்றால், கண் முன்னால் இன்னொரு முறை செய்து காட்டச் சொல்ல வேண்டும், அதற்கான கூலியை முதலிலேயே எடுத்து வைத்துவிட்டு. பார்க்கவில்லை என்றால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பலாம். ஏற்கெனவே மாற்றித் தொலைத்தவர்கள் பழைய செட்டை எக்ஸ்சேஞ்சுக்கு விட்டுவிடாமல் பையில் போட்டு வாங்கி வர வேண்டும். வீட்டில் ஒரு 12 வோல்ட் பேட்டரி, ஒரு பழைய ஸ்பீக்கர், ஆன்டெனா துளையில் முக்கால் மீட்டர் வயர். சில செட்டுகள் கோட் கேட்கும், காரின் புத்தகத்தோடு வந்த அட்டையில் இருக்கும். மொட்டை மாடியில் வைத்து ஆன் செய்து 98.3-க்குத் திருப்பிப் பார்க்கட்டும்.